உடனே அறுவையா, மருந்தும் கண்காணிப்புமா?

அவசர அறுவைச் சிகிச்சை என்பது உயிரையோ ஓர் உறுப்பையோ காக்கச் சில மணி நேரத்துக்குள் செய்தே ஆக வேண்டிய சிகிச்சை. கத்தி வைக்காத சிகிச்சை என்பது வாய்வழி உணவை நிறுத்தி, ட்ரிப் ஏற்றி, ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, நாடித்துடிப்பையும் காய்ச்சலையும் மணிக்கு மணி பார்த்து, நோய் தணிகிறதா என்று கவனிப்பது. கடும் வயிற்று வலியோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வரும்போதும், விபத்தில் அடிபட்டு வரும்போதும், பாம்பு கடித்துக் கால் வீங்கி வரும்போதும் மருத்துவர் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நோயாளியோ அவருடைய குடும்பமோ அதற்குச் சம்மதம் சொல்ல வேண்டியிருக்கிறது. பல நேரங்களில் இதெல்லாம் நள்ளிரவில், அரைமணி நேரத்துக்குள் நடந்து முடிகிறது.

இங்கே இரண்டு விதமான தவறுகள் நேரலாம். தேவையில்லாமல் வயிற்றைத் திறந்தால் மயக்க மருந்தின் ஆபத்து உண்டு, புண்ணில் சீழ் பிடிக்கலாம், பின்னாளில் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம்; செலவும் வேலையிழப்பும் கூடவே வரும். தேவையான நேரத்தில் திறக்காமல் விட்டால் குடல் அழுகும், சீழ் வயிறெங்கும் பரவும், கிருமி ரத்தத்தில் கலக்கும், உயிரே போகலாம். இரண்டாவது தவறுக்குக் கொடுக்கும் விலை பெரிது. அதனால்தான் சந்தேகம் வந்தால் அறுத்துப் பார்ப்பது என்ற பக்கமே மருத்துவம் நெடுங்காலம் சாய்ந்திருந்தது. ஸ்கேனும் வலிமையான ஆன்டிபயாடிக்குகளும் வந்த பிறகு அந்தச் சாய்வு மாறியது. இன்று ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு விடை இருக்கிறது. ஆனால் கத்தி வைக்காத சிகிச்சைக்கு ஒரு நிபந்தனை மட்டும் எல்லா நோய்க்கும் பொது: அறுவை தேவைப்பட்டால் உடனே செய்யக்கூடிய இடத்தில்தான் காத்திருக்க வேண்டும். திருப்பதி மாவட்டத்துச் சந்திரகிரி போன்ற ஊரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இருப்பவர்கள் முதலில் அறிந்திருக்க வேண்டியது இந்த நிபந்தனைதான்.

மூன்று வகை நோய்கள்

முதல் வகையில் காத்திருப்புக்கு இடமே இல்லை. குடலிறக்கம் வெளியே வந்து சிக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்றுபோன நிலை. குடல் முறுக்கிக்கொண்டு கறுக்கத் தொடங்கிய நிலை. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும் நிலை. குடலில் ஓட்டை விழுந்து வயிறு முழுவதும் அழற்சி பரவிய நிலை. எவ்வளவு ரத்தம் ஏற்றினாலும் ரத்த அழுத்தம் நிற்காத உள்காயம். இவற்றில் மருந்து என்பது அறுவைக்கு நோயாளியைத் தயார் செய்வதற்கு மட்டுமே. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் திடீரென விரை முறுக்கிக்கொள்வதும் இந்த வகையே. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் பெரும்பாலும் விரை பிழைக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணியும் இழப்புதான். பையன்கள் வெட்கப்பட்டு அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்வதுண்டு. பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் வகையில் மருந்தே முதல் சிகிச்சை. கணைய அழற்சி, அமீபாவால் கல்லீரலில் வரும் சீழ்க்கட்டி, காய்ச்சல் இல்லாத சிறுநீரகக் கல் வலி, குழந்தைகளின் குடலில் நாக்குப்பூச்சி திரண்டு ஏற்படும் அடைப்பு ஆகியவற்றில் பெரும்பாலோர் அறுவையில்லாமல் தேறுகிறார்கள். கல்லீரல் சீழ்க்கட்டிக்கு மெட்ரோனிடசோல் மருந்தே பெரும்பாலும் போதும். கட்டி பெரிதாக இருந்தால் ஸ்கேன் பார்த்து ஊசி வழியாகச் சீழை எடுப்பார்கள்.

மூன்றாம் வகைதான் கடினமானது. குடல்வால் அழற்சி, பித்தப்பை அழற்சி, குடல் ஒட்டுகளால் வரும் அடைப்பு, தானே மூடிக்கொண்ட குடற்புண் ஓட்டை, விபத்தில் கிழிந்த மண்ணீரல் ஆகியவை இதில் அடங்கும். ஒரே நோய் ஒருவருக்கு மருந்தில் தணியும், இன்னொருவருக்குக் கத்தியைக் கேட்கும். எது யாருக்கு என்று பிரித்தறிவதே அவசர அறுவை மருத்துவத்தின் மையம்.

குடல்வால்: மாறிமாறி வந்த விடைகள்

பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல் நீளத்துக்குத் தொங்கும் சிறு குழாய்தான் குடல்வால். மக்கள் அப்பெண்டிக்ஸ் என்றே சொல்கிறார்கள். அதன் வாய் அடைபட்டுக் கிருமி பெருகினால் வீங்குகிறது. தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்குகிறது. பசியின்மை, வாந்தி, லேசான காய்ச்சல் சேர்கின்றன. சிலருக்குக் குடல்வால் ஓட்டையாகிச் சீழ் வயிற்றுக்குள் சிந்துகிறது.

1735ல் லண்டனில் கிளாடியஸ் அம்யாண்ட் என்ற அறுவை மருத்துவர், ஒரு சிறுவனின் குடலிறக்கத்துக்குள் இருந்த குடல்வாலை வெட்டி எடுத்தார். பதிவான முதல் குடல்வால் நீக்கம் அதுவே. ஆனால் அது ஒரு தனி நோய் என்பதும், ஓட்டையாகும் முன்பே அறுவை செய்ய வேண்டும் என்பதும் நிலைபெற்றது 1886ல், பாஸ்டன் நகரின் நோயியல் அறிஞர் ரெஜினால்டு ஃபிட்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். 1889ல் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, வலி மிகுந்திருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்துக் காட்டினார். இன்றும் மருத்துவர்கள் விரல் வைத்து அழுத்திப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் மாற்றுக் கருத்துடையவர். அழற்சி தணிந்த பிறகு அறுப்பதே பாதுகாப்பானது என்று அவர் வாதிட்டார். 1900ல் அவருடைய மகள் ஹெட்டி குடல்வால் நோயாலேயே இறந்தாள். இரண்டு ஆண்டு கழித்து, முடிசூட்டு விழா நெருங்கிய வேளையில், மன்னர் ஏழாம் எட்வர்டு அதே நோயில் விழுந்தார். விழாவைத் தள்ளிப்போட மன்னர் மறுத்தார். ட்ரீவ்ஸ் அறுவை செய்தே ஆக வேண்டும் என்று உறுதியாக நின்றார். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, 1902 ஜூன் 24 அன்று, சீழ்க்கட்டியைத் திறந்து வடித்தார். குடல்வாலை எடுக்கவில்லை. மன்னர் பிழைத்தார், ஆகஸ்ட் 9 அன்று முடிசூடினார். சீழ் கட்டியிருக்கும்போது அதை வெளியேற்றுவது மட்டும் செய்து, மற்றதை ஒத்திவைப்பது அன்றே ஒரு சரியான நடுவழியாக இருந்தது.

அதே காலத்தில் சிகாகோவின் ஆல்பர்ட் ஆக்ஸ்னரும் லண்டனின் ஜேம்ஸ் ஷெரனும் கத்தி வைக்காத ஒரு முறையை ஒழுங்குபடுத்தினார்கள். வலி தொடங்கி மூன்று, நான்கு நாள் கழித்து வருபவர்களின் வலது அடிவயிற்றில் ஒரு கட்டி தட்டுப்படும். சுற்றியுள்ள குடலும் கொழுப்புத் திரையும் வந்து ஒட்டி, நோயைத் தாமே சிறைப்படுத்தியிருக்கும். அந்த நேரத்தில் கத்தி வைத்தால் வீங்கிய குடலே கிழியும் ஆபத்து உண்டு. ஆகவே வாய்வழி உணவை நிறுத்தி, கட்டியின் ஓரத்தைத் தோல்மேல் மையால் வரைந்து, நாடியையும் காய்ச்சலையும் குறித்துக்கொண்டே காத்திருப்பார்கள். நாடி ஏறினால், வலி பரவினால், கட்டி வரைந்த கோட்டைத் தாண்டினால், வாந்தி நிற்காவிட்டால் காத்திருப்பு அத்தோடு முடிந்தது. ஆக்ஸ்னர்-ஷெரன் முறை என்ற பெயரில் இந்திய மருத்துவ மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். நோயாளிகள் தாமதமாக வந்து சேரும் கிராமப்புறங்களில் இது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காத்திருப்பை எப்போது கைவிட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்ததுதான் இந்த முறையின் உண்மையான பலம்.

ஆன்டிபயாடிக்குகள் வந்தபின், கத்தி வைக்காமல் தணிக்க முடியுமா என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. 1961 ஏப்ரலில் அண்டார்க்டிகாவின் சோவியத் நிலையம் ஒன்றில் மருத்துவர் லியோனிட் ரோகசோவுக்கே குடல்வால் அழற்சி வந்தது. அங்கே அவர் ஒருவர்தான் மருத்துவர். முதலில் ஆன்டிபயாடிக் போட்டுப் பார்த்தார். நிலை மோசமானது, பனிப்புயலில் விமானமும் வர வழியில்லை. அறுக்கும் இடம் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு, நண்பர்கள் கண்ணாடி பிடிக்க, தம் வயிற்றைத் தாமே அறுத்துக் குடல்வாலை நீக்கிப் பிழைத்தார். மருந்து தோற்கும்போது மாற்று வழி அருகில் இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று அரிது.

பெரிய ஆய்வுகள் 21ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. பின்லாந்தில் ஸ்கேனில் சிக்கலற்ற குடல்வால் அழற்சி என்று உறுதியான 530 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அறுவையும் மறு பகுதியினருக்கு ஆன்டிபயாடிக் மட்டுமும் கொடுத்தார்கள். 2015ல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 73 பேருக்கு ஓராண்டுக்குள் அறுவை தேவைப்படவில்லை. ஐந்தாண்டு முடிவில் 100க்கு 39 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. அமெரிக்காவில் 1,552 பேரிடம் நடந்து 2020ல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 100க்கு 29 பேர் 90 நாளுக்குள் அறுவைக்குப் போனார்கள். குடல்வாலுக்குள் கல்போல இறுகிய மலக்கட்டி இருந்தவர்களில் இந்த எண்ணிக்கை 41, இல்லாதவர்களில் 25.

இந்த எண்களின் பொருள் தெளிவானது. ஓட்டையோ சீழோ மலக்கட்டியோ இல்லை என்று ஸ்கேனில் உறுதியானால், பெரியவர்களுக்கு மருந்து ஒரு நேர்மையான மாற்று வழி. ஆனால் திரும்பி வரும் வாய்ப்பை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். அறுவை செய்தால் அந்தக் கவலை இல்லை. கர்ப்பிணிகளுக்கு இன்னும் அறுவையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. குடல்வால் வெடித்தால் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து அதிகம். சிக்கலற்ற அழற்சியில் 24 மணி நேரம் வரை அறுவையைத் தள்ளிவைப்பதால் கெடுதல் கூடுவதில்லை என்பதும் இப்போது ஏற்கப்பட்டிருக்கிறது. ஆகவே நள்ளிரவில் வந்தவருக்குக் காலையில் அறுவை என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் ஆகாது.

பித்தப்பையும் கணையமும்

குடல்வாலில் மருத்துவம் கத்தியிலிருந்து மருந்தை நோக்கி நகர்ந்தது. பித்தப்பையில் நேர் எதிர். பித்தக்கல் அடைத்து வீங்கிய பித்தப்பையை மருந்தால் ஆறவைத்து, சில வாரம் கழித்து அறுவைக்கு வரச் சொல்வதே முன்பு வழக்கம். 618 பேரிடம் நடந்து 2013ல் வெளியான ஆய்வு இந்த வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்களில் 100க்கு ஏறத்தாழ 12 பேருக்கே சிக்கல் வந்தது. ஆறவைத்துப் பின்னர் செய்துகொண்டவர்களில் 34 பேருக்கு வந்தது. லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) வசதியும் அனுபவமும் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் சில நாட்களுக்குள் பித்தப்பையை எடுப்பதே இன்று விரும்பப்படுகிறது.

கணையத்தில் மாற்றம் மருந்தை நோக்கியே இருக்கிறது. பித்தக்கல்லாலோ மதுவாலோ வரும் கடும் கணைய அழற்சியில் திசுக்கள் அழுகினாலும், முதல் வாரங்களில் வயிற்றைத் திறப்பது நோயாளியை மேலும் நலிவாக்கும். நெதர்லாந்தில் நடந்து 2010ல் வெளியான ஆய்வில், முதலில் தோல் வழியாகக் குழாய் விட்டு வடித்து, தேவைப்பட்டால் மட்டும் சிறு துளை வழியாக அழுகலை அகற்றும் படிப்படியான முறை பெருஞ்சிக்கல்களைக் குறைத்தது. அந்த முறையில் சேர்ந்தவர்களில் 100க்கு 35 பேருக்குக் குழாய் வடிப்பே போதுமாயிருந்தது.

குடலடைப்பும் குடற்புண் ஓட்டையும்

முன்பு வயிற்றறுவை செய்துகொண்டவர்களுக்குக் குடல்கள் ஒட்டி அடைப்பு வரலாம். வயிறு உப்பும், வாந்தி வரும், மலமும் வாயுவும் நிற்கும். குடலடைப்பு நோயாளியை இரவு கடக்க விடாதே என்று பழைய அறுவை ஆசிரியர்கள் கற்பித்தார்கள். இன்று, குடலின் ரத்த ஓட்டம் தடைபடவில்லை என்று உறுதியானால், மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, ட்ரிப் ஏற்றி, 72 மணி நேரம் வரை காத்திருக்கலாம் என்பதே வழிகாட்டுதல். பலருக்கு அடைப்பு தானே விலகுகிறது. விட்டுவிட்டு வந்த வலி நிற்காத வலியாக மாறினால், காய்ச்சலும் நாடியும் ஏறினால், தொட்டாலே வயிறு இறுகினால் காத்திருப்பை நிறுத்த வேண்டும்.

இந்தியாவில் குடல் காசநோய் இன்னொரு முக்கியக் காரணம். காசநோயால் குடல் குறுகி அரைகுறை அடைப்பு ஏற்பட்டவர்களில் பலர் காசநோய் மாத்திரைகளாலேயே தேறுகிறார்கள். பல மாதமாக எடை குறைந்து, மாலைக் காய்ச்சலும் வந்துபோகும் வயிற்று வலியும் இருந்தவர் என்றால், அந்த வரலாற்றை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

குடற்புண் ஓட்டையாகும்போது கத்தியால் குத்தியதுபோன்ற வலி திடீரெனத் தாக்கும். வயிறு பலகைபோல இறுகும். நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுத்தால் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரியும். இதற்கு அறுவையே வழக்கமான விடை. 1946ல் லண்டனின் ஹெர்மன் டெய்லர், இரைப்பையைக் குழாய் விட்டுக் காலியாகவே வைத்திருந்தால் சில ஓட்டைகள் தாமே மூடிக்கொள்ளும் என்று காட்டினார். 1989ல் ஹாங்காங்கில் 83 பேரிடம் நடந்த ஆய்வு, கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு இது சாத்தியம் என்பதை உறுதிசெய்தது. அதே ஆய்வில் 70 வயதைக் கடந்தவர்களுக்கு இது அவ்வளவாகப் பலிக்கவில்லை. காத்திருப்பு முதியவர்களுக்குத்தான் ஏற்றது என்று குடும்பங்கள் நினைப்பது வழக்கம். உண்மையில் காத்திருப்பைத் தாங்கும் சக்தி இளையவர்களுக்கே அதிகம்.

விபத்தில் கிழியும் மண்ணீரல்

சந்திரகிரியிலிருந்து பீலேர் செல்லும் பாதையில் பாகராப்பேட்டை மலைச்சாலை இருக்கிறது. 2022 மார்ச்சில் சுபநிகழ்ச்சிக்குச் சென்றவர்களின் பேருந்து அங்கே பள்ளத்தில் உருண்டது. காயமடைந்தவர்கள் திருப்பதிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இத்தகைய விபத்துகளில் வெளியே காயம் தெரியாமலே வயிற்றுக்குள் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கும்.

கிழிந்த மண்ணீரல் தானாக ஆறாது, எடுத்தே தீர வேண்டும் என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அசைக்க முடியாத நம்பிக்கை. அதை மாற்றியதில் ஓர் இந்தியருக்குப் பெரிய பங்குண்டு. டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய உபாத்யாயா, அங்கிருந்த ஜேம்ஸ் சிம்சனுடன் சேர்ந்து 1968ல் எழுதிய ஆய்வில், மண்ணீரல் அடிபட்ட குழந்தைகளில் பலர் அறுவையில்லாமலே தேறுவதைக் காட்டினார். பின்னர் டெல்லி எய்ம்ஸ் குழந்தைகள் அறுவைத் துறையில் பணியாற்றியபோது, குரங்குகளிடம் செய்த சோதனைகளால் மண்ணீரல் ஆறும் விதத்தை மேலும் விளக்கினார். மண்ணீரலை இழந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் கடும் நோய்த்தொற்று வருவது 1950களிலேயே தெரியவந்திருந்ததால், இந்தக் கண்டுபிடிப்புக்கு மதிப்பு கூடியது.

இன்று உலகெங்கும் ரத்த அழுத்தம் நிலையாக இருக்கும் மண்ணீரல் காயங்களுக்குக் கத்தி வைக்காத சிகிச்சையே முதல் தேர்வு. அதற்குச் சிடி ஸ்கேன், தீவிர சிகிச்சைப் பிரிவு, ரத்த வங்கி, எந்த நேரமும் தயாராக இருக்கும் அறுவை அரங்கு ஆகிய நான்கும் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாத இடத்தில் அதே நோயாளிக்கு அதே முடிவு பொருந்தாது.

பாம்புக்கடி வீக்கம்

சேஷாசலம் மலையடிவாரத்து வயல்களிலும் மாந்தோப்புகளிலும் நிலக்கடலைக் கொல்லைகளிலும் வேலை செய்பவர்களுக்குப் பாம்புக்கடி எப்போதும் உள்ள ஆபத்து. கண்ணாடி விரியன் கடித்த கால் தொடை வரை வீங்கும். தோல் பளபளத்துக் கொப்புளம் கட்டும். உள்ளே அழுத்தம் ஏறித் தசை அழுகிவிடுமோ என்று அஞ்சித் தசையுறையைக் கீறிவிடும் அறுவையைச் செய்துவிடுவது உண்டு.

இங்கே அவசரக் கத்தியே ஆபத்தாக முடியலாம். விரியனின் நஞ்சு ரத்தத்தை உறையவிடாது. அந்த நிலையில் கீறினால் ரத்தம் நிற்காது. சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று பார்க்கும் எளிய சோதனையை எந்தச் சிறு ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். உறையவில்லை என்றால் நஞ்சுமுறிவு மருந்தே முதல் சிகிச்சை. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, ரத்தம் உறையும் தன்மை சீரான பிறகு, கருவியால் அளந்த தசை அழுத்தம் 40 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் மட்டுமே கீறலைப் பற்றி யோசிக்க வேண்டும். வீக்கத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

மருத்துவர் எதைப் பார்க்கிறார்

முதலில் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, காய்ச்சல், சிறுநீரின் அளவு. பிறகு கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தல். அதன் பின்னர்தான் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். ஒரு முறை எடுத்த அளவைவிட, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்த அளவுகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதே அதிகம் சொல்லும். ஒரே மருத்துவர் திரும்பத் திரும்ப வந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, அவர் முடிவெடுக்கத் தெரியாமல் தடுமாறுவதன் அடையாளம் என்று உறவினர்கள் எண்ணக்கூடும். உண்மையில் கத்தி வைக்காத சிகிச்சையின் பெரும்பகுதி அதுதான்.

நோயைக் கண்டறியும் முன் வலி மருந்து கொடுத்தால் அறிகுறி மறைந்துவிடும் என்ற பழைய அச்சத்துக்கு இப்போது ஆதாரமில்லை. ஆஸ்பத்திரியில் அளவாகக் கொடுக்கப்படும் வலி மருந்து முடிவைக் கெடுப்பதில்லை. நோயாளி அமைதியாகப் படுக்க, பரிசோதனை எளிதாகிறது. வீட்டில் மருந்துக் கடை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒருநாள் கடத்துவதுதான் ஆபத்து. சர்க்கரை நோயாளிகளிடமும் முதியவர்களிடமும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் வயிற்றுக்குள் பெருங்கேடு நடந்தும் வலி குறைவாகவே தெரியலாம். அவர்கள் விஷயத்தில் ஸ்கேனை நாடும் வரம்பு தாழ்வாக இருக்க வேண்டும்.

சந்திரகிரியிலிருந்து தூரமும் நேரமும்

சந்திரகிரியிலிருந்து திருப்பதி சுமார் 15 கி.மீ. அங்கே எஸ்.வி. மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து 1962 முதல் இயங்கும் ரூயா அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993ல் தொடங்கிய ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. தெற்கே போனால் சித்தூர், அதற்கும் அப்பால் வேலூர் சிஎம்சி. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக வேலூருக்கே போய்ப் பழகியவை. மொழியும் நம்பிக்கையும் அதற்குக் காரணம். நாள்பட்ட நோய்க்கு அந்தப் பயணம் பொருந்தும். முதல் வகை அவசரத்தில் சாலையில் செலவாகும் இரண்டு மணி நேரம் குடலின் உயிரையோ நோயாளியின் உயிரையோ கேட்கும். அப்போது அருகிலுள்ள அறுவை அரங்கே சரியான இடம். ஆந்திராவில் 2005ல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையை அழைத்தால், வழியிலேயே ட்ரிப்பும் ஆக்ஸிஜனும் கிடைக்கும்.

கத்தி வைக்காத சிகிச்சையைத் தேர்ந்தாலும் தூரம் முக்கியம். ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டு மலையடிவாரக் கிராமத்துக்குத் திரும்பி, இரவில் வலி கூடினால் வண்டி தேடும் நிலை பாதுகாப்பானதாகாது. அறுவை மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் இல்லாத சிறு நர்சிங் ஹோமில் மூன்று நாள் ட்ரிப் ஏற்றிக்கொண்டு கிடப்பதும் அவ்வாறே. முதல் 48 மணி நேரமாவது அறுவை அரங்கு உள்ள ஆஸ்பத்திரியில் இருப்பது நல்லது.

வீட்டில் நடக்கும் தாமதம் இன்னொன்று. கடும் வயிற்று வலிக்குக் குடலேற்றம் என்று எண்ணெய் தடவித் தட்டுவதும், தொக்கம் எடுப்பதும், பேதி மருந்து கொடுப்பதும் கிராமங்களில் உண்டு. வீங்கிய குடல்வாலை அழுத்தினால் அது வெடிக்கலாம். அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுத்தால் அழுத்தம் கூடும். தணியாமல் தொடரும் கடும் வலிக்கு ஆஸ்பத்திரிதான் வழி. அதுவரை சாப்பாடு கொடுக்காமல் இருப்பது நல்லது. வயிறு காலியாக இருந்தால் மயக்க மருந்து பாதுகாப்பாகும்.

பணத்தைப் பற்றிய அச்சமும் முடிவைத் தள்ளிப்போடுகிறது. ஆந்திர அரசு 2007ல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ திட்டம், இப்போது என்டிஆர் வைத்ய சேவா என்ற பெயரில், தகுதியுள்ள குடும்பங்களுக்குப் பல அறுவைகளின் செலவை ஏற்கிறது. அவசரத்தில் வரும் நோயாளிக்கு அரசு, தனியார் எந்த மருத்துவரும் உயிர்காக்கும் உதவி செய்யக் கடமைப்பட்டவர் என்று உச்சநீதிமன்றம் 1989ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது.

சம்மதமும் கேள்விகளும்

அறுவைக்கு முன் நோயாளியின் சம்மதம் வெறும் கையெழுத்தாக இருக்கக் கூடாது. நோய் என்ன, செய்யப்போவது என்ன, மாற்று வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவருக்கு விளக்க வேண்டும் என்று 2008ல் சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. நோயாளி சுயநினைவோடு இருந்தால் முடிவு அவருடையது. உயிர்காக்கத் தாமதிக்கவே முடியாத நிலையில் மட்டும் சம்மதமில்லாமல் மருத்துவர் செயல்படலாம். தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். திருப்பதி, சித்தூர் ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த செவிலியரோ ஊழியரோ பெரும்பாலும் இருப்பார்கள்.

குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. "சார், இப்பவே செய்யாம காலையில செஞ்சா என்ன ஆகும்?" "மருந்துலயே பார்க்கிறதா இருந்தா, எதைப் பார்த்து ஆபரேஷனுக்கு மாத்துவீங்க?" "அப்படி மாத்தினா, இங்கேயே உடனே செய்ய முடியுமா?" இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை இருந்தால் கத்தி வைக்காத சிகிச்சையை நம்பி ஏற்கலாம். மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், நோயாளியின் நிலை நன்றாக இருக்கும்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட வேண்டும்.

தணிந்த பிறகு

மருந்தில் தணிந்ததும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. குடல்வால் கட்டி கரைந்தவர்களில் 40 வயதைக் கடந்தவர்களுக்குப் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை அவசியம். கட்டிக்குப் பின்னால் சிலருக்குப் புற்றுநோய் மறைந்திருப்பதுண்டு. பித்தக்கல்லால் லேசான கணைய அழற்சி வந்து தேறியவர், முடிந்தால் அதே முறை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் அழற்சி திரும்பலாம். மண்ணீரல் காயம் ஆறியவர் மருத்துவர் சொல்லும்வரை பளு தூக்குவதையும் முட்டி மோதும் விளையாட்டுகளையும் தவிர்க்க வேண்டும். குடற்புண் ஓட்டை மூடியவருக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கான மருந்தை முழுமையாகச் சாப்பிட வேண்டும். கைகால் வலிக்காக மருந்துக் கடையில் தாமே வாங்கிப் போடும் மாத்திரைகளையும் விட வேண்டும்.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேன் படங்களையும் கையில் வாங்கிக்கொள்வது முக்கியம். அடுத்த முறை நோயாளி வேறோர் ஆஸ்பத்திரியில் போய் நின்றாலும், முன்பு எது எப்படித் தணிந்தது என்பதை அவை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். வலி திரும்பினாலோ, காய்ச்சல், தொடர் வாந்தி, வயிறு உப்புதல், தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலோ, மறுநாள் வரை காத்திராமல் அறுவை அரங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.